வாய்க்கால் பாலம் வரைக்கும்

என் மாமனாரை நடக்க வைக்க எங்கள் வீட்டில் எடுக்காத முயற்சி இல்லை. திட்டிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டார்கள். சித்தூர் கடைவீதியிலிருந்து பூண் போட்ட கைத்தடி ஒன்றை வாங்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார்கள். அவர் அந்தத் தடியில் துண்டைக் காயப் போட்டார்.

நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஓராண்டுகூட ஆகாத சமயம் அது. எழுபதுகளின் நடுப்பகுதி. மலையாளத்துச் சித்தூர்ப் பக்கம், நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. சுற்றிலும் நெல்வயல், வரப்போரம் பனைமரங்கள். நான் பிறந்தது காந்தலூரில், மலை மேல். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். பேச்சில் 'ங்க' போடத் தெரியாத மலைக்காரி என்று மாமியார் என்னைக் கேலி செய்வார். அவரை நான் அத்தை என்றும், மாமனாரை மாமா என்றும் கூப்பிடுவேன். மாமா என்னை அம்மிணி என்பார்.

அந்த ஆவணியில் மாமாவுக்கு விஷக்காய்ச்சல் வந்து வாரக்கணக்கில் படுத்துவிட்டார். காய்ச்சல் விட்டதும், முதல் போகம் அறுத்துக் களத்தில் கிடக்கிறதே, ஒரு பார்வை பார்க்கலாம் என்று எழுந்து போனார். நெல் அம்பாரத்துக்குப் பக்கத்தில் கால் மடங்கி, அறுப்பாட்கள் அத்தனை பேர் முன்னாலும் விழுந்தார். அடி ஒன்றும் இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். எல்லாரும் பதறி ஓடி வந்து, நாலு பேராகத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டார்கள். ஊரில் வரப்புத் தகராறு என்றால் இவரைத்தான் நடுவில் நிறுத்துவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் நெல் மூட்டையைப் போல வீடு வந்து சேர்ந்தார். அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

சித்தூர் ஆசுபத்திரியிலிருந்து ஒரு மலையாள டாக்டர் வீட்டுக்கு வந்து முழங்காலைத் தட்டிப் பார்த்தார். "அசுகம் ஒந்நும் இல்ல. நடக்கணும். நடந்நில்லெங்கில் பின்னெ கால் பறஞ்ஞா கேக்கில்ல" என்றார். நோய் ஒன்றும் இல்லை, நடக்காமல் விட்டால் கால் சொன்னபடி கேட்காது என்று அர்த்தம். போகும்போது என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, கோடை கழிந்து மழை பிடிப்பதற்குள் நடமாடாவிட்டால் அப்புறம் காலம் முழுக்கக் கட்டிலோடுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரியே என் கணவர் அதை எங்களிடம் சொன்னார்.

இத்தனைக்கும் வீட்டில் அவரை நடக்க விட்டவர்கள் யார்? முகம் கழுவத் தண்ணீர் கட்டிலுக்கு வரும். வெற்றிலை இடித்து வரும். சவரம் செய்கிறவர் வீட்டுக்கே வருவார். வயலில் நாற்று எப்படிப் பிடித்திருக்கிறது என்று அவர் கேட்டால் போதும், என் கணவர் ஓடிப்போய் ஒரு பிடி நாற்றையே பிடுங்கிக்கொண்டு வந்து கையில் கொடுப்பார். எல்லாம் மரியாதைதான், எல்லாம் பிரியம்தான். அந்தப் பிரியத்தில் அவர் எடுத்து வைக்க வேண்டிய ஒவ்வொரு அடியையும் மற்றவர்களே எடுத்து வைத்துவிட்டார்கள். அப்புறம் ஏன் நடக்கவில்லை என்று அவரையே திட்டினார்கள்.

"ஏனுங்கப்பா, வாசல் வரைக்கும் ஒருக்கா நடந்துதான் பாருங்களே" என்பார் என் கணவர்.

"நடந்து?"

"காலுக்கு நல்லதுங்க."

"காலுக்கு நல்லது பண்ணி நான் எங்கடா போகோணும்? எல்லாத்தையும்தான் நீயே பாத்துக்கறயே."

எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. எங்கள் மலையில் காலுக்காக யாரும் நடந்து நான் பார்த்ததில்லை. தண்ணீருக்கு நடப்பார்கள், விறகுக்கு நடப்பார்கள், கிழங்குக் காட்டில் பன்றி இறங்கிவிட்டதா என்று பார்க்க நடப்பார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் என்ன சண்டை என்று கேட்கவாவது நடப்பார்கள். போக ஓர் இடம் இருந்தால் கால் தானாகப் போகும்.

இதை நான் தெரிந்துவைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. எனக்கும் அந்த வீட்டில் ஏறக்குறைய அதே கதிதான். கிணறு வீட்டுக்குள்ளேயே இருந்தது. விறகு வண்டியில் வரும், சாமான் ஆள் மூலம் வரும். கோயிலுக்குப் போனாலும் வில்வண்டி கட்டுவார்கள். "நம்மூட்டு மருமக வரப்புல நடக்கோணும்னு என்ன தலையெழுத்து?" என்று அத்தை ஆசையோடு கேட்பார். மலையில் நாளெல்லாம் ஏறி இறங்கிய என் கால்கள் அங்கே நடக்காமலே வலித்தன. தெற்கே வானம் வெளுத்த காலைகளில் கொல்லை வேலியோரம் நின்றால் நெல்லியாம்பதி மலை தெரியும். அது என் மலை இல்லை. ஆனாலும் மலைதானே என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். மாமாவின் கட்டில் ஆசாரம் என்கிற கூடத்தில், கொல்லைக் கதவுக்கு நேர் எதிரே கிடந்தது.

கார்த்திகையில் என் அப்பா என்னைப் பார்க்க வந்தார். மறையூர் வரைக்கும் நடந்து, பிறகு உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி, தோளில் ஒரு பூண்டு மூட்டையோடு வந்து சேர்ந்தார். மத்தியானம் முழுக்க மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இருவரும் பேசினார்கள். பூண்டில் விழும் நோயைப் பற்றி, நெல்லில் விழும் நோயைப் பற்றி எல்லாம் பேசினார்கள். மாமாவின் காலைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது அதைத்தான் என்பதால், மாமாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

பொழுது சாயத் தொடங்கியதும் அப்பா எழுந்தார். "அப்ப நான் வாரேன் சம்பந்தி. நீங்க இருங்க, எந்திரிக்காதீங்க."

இங்கேதான் அந்த வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விருந்தாளிகளை அங்கே ஒறம்பரை என்பார்கள். ஒறம்பரை கிளம்பினால் வாசலில் நின்று கை கூப்பி அனுப்பிவிடக் கூடாது. அது துரத்திவிடுவதற்குச் சமம். வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் கூடவே நடந்து வாய்க்கால் பாலம் வரைக்கும் போக வேண்டும். ஒறம்பரை பாலம் தாண்டி, ஒருமுறை திரும்பிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் இவர் திரும்பலாம். மாமாவின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தானாம். யாரையும் ஆள் விட்டு அனுப்பியதில்லை.

அந்த நேரம் என் கணவர் வீட்டில் இல்லை, தண்ணீர் திருப்ப வயலுக்குப் போயிருந்தார். மாமா வாசலைப் பார்த்தார், என் அப்பாவைப் பார்த்தார்.

"பண்ணையத்து ஆளக் கூப்புடட்டுங்களா?" என்றார் அத்தை.

"பொண்ணு குடுத்தவர ஆளு உட்டா அனுப்பறது?" என்றார் மாமா. சொல்லிவிட்டு இரண்டு காலையும் கட்டிலிலிருந்து கீழே இறக்கினார்.

அத்தை ஓடி வந்து தாங்கப் போனார். என் அப்பா கையை நீட்டவில்லை. மாமாவுக்குப் பக்கத்தில், தோள் அவர் கைக்கு எட்டுகிற மாதிரி, பேச்சை விடாமல் நின்றார். மாமா அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டார். பார்த்தால் பிரியத்தில் தோள்மேல் கை போட்டதாகத்தான் தெரியும். இருவரும் வாசலைக் கடந்து வேலிக் கதவான படல் வரைக்கும் மெதுவாகப் போனார்கள். விழுந்தால் பிடிக்க ஒருவர் வேண்டுமே என்று நானும் பின்னால் போனேன்.

படலுக்கு வெளியே நாலடி வைத்ததும் மாமாவுக்கு மூச்சு வாங்கியது. "இதுவே பாலம் மாதிரிதான் சம்பந்தி" என்று சொல்லிவிட்டு அப்பா நடந்தார். அவர் தலை மறையும் வரைக்கும் மாமா படலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகம் ஒரு வீட்டுக்காரரின் முகமாக இருந்தது. நானும் பல மாதங்களுக்குப் பிறகு படலுக்கு வெளியே மண்ணில் நின்றுகொண்டிருந்தேன்.

அன்றைக்கு அடுப்படியில் அத்தையிடம் சொன்னேன். "அத்தை, மாமா காலுக்கு மருந்து ஒறம்பரைதான். ஆள் வந்துட்டே இருந்தா அவரு எந்திரிச்சுட்டே இருப்பாரு."

"உளுந்துபோட்டா?"

"கட்டில்ல கெடந்தா உழ மாட்டாருதான். எந்திரிக்கவும் மாட்டாரு."

அத்தை அடுப்பை ஊதினார். எரிகிற அடுப்பை எதற்கு ஊதுகிறார் என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "என்ற தங்கச்சி ஊட்டுக்காரர வரச் சொல்லட்டா?" என்றார்.

அத்தையின் தங்கையை நான் சின்ன அத்தை என்பேன். அவர் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அந்தத் தங்கையின் கணவர் மாமாவுக்குச் சகலபாடி. அக்காளையும் தங்கையையும் கட்டிய இந்த இரண்டு பேருக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஒரு போட்டி உண்டு. நிலத்திலோ நகையிலோ இல்லை. யார் யாருக்கு அதிக மரியாதை செய்வது என்பதில். பந்தியில் "நீங்க உக்காருங்க" என்பார் இவர். "நீங்க மொதல்ல உக்காருங்க" என்பார் அவர். சோறு ஆறும் வரைக்கும் நிற்பார்களே தவிர ஒருவரும் முதலில் உட்கார மாட்டார்கள். அந்த மனிதரும் பண்ணையத்தை மகன்களிடம் விட்டுவிட்டு ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. அவரை வெளியே கிளப்புவதற்கு ஒரு சாக்குக் கிடைத்ததில் சின்ன அத்தைக்கு இரட்டைச் சந்தோஷம்.

அவர் வந்தார். காப்பி குடித்தார், முறுக்குத் தின்றார், கிளம்பினார். மாமா எழுந்தார். படல் வரைக்கும் போனார்கள். அடுத்த தடவை மாட்டுக்கொட்டகையைத் தாண்டினார்கள். பிறகு புளியமரம். நான் ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் தண்ணீர்ச் சொம்புமாகப் பின்னால் போவேன். நடுநடுவே வேறு ஒறம்பரைகளையும் அத்தை சொல்லியனுப்பி வரவழைத்தார். மாமாவின் பங்காளி ஒருவர், கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒன்றுவிட்ட மைத்துனர் என்று ஆள் மாறி ஆள் வந்தார்கள். சர்க்கரை டப்பா காலியாகும் வேகத்தைப் பார்த்து என் கணவர், "நம்மூட்டுல என்ன விசேஷம்? வர்றவீங்களும் போறவீங்களுமா இருக்குது" என்று கேட்டார். "ஒறம்பரை வர்ற ஊடுதான் ஊடு" என்று அத்தை அவர் வாயை அடைத்தார்.

மார்கழி பிறப்பதற்குள் மாமா பாலத்துக்கு வந்துவிட்டார்.

பாலத்தை எட்டிய பிறகுதான் உண்மையான கூத்து ஆரம்பித்தது. சகலபாடி பாலத்தைத் தாண்டாமல் நின்றுவிட்டார். "எனக்கோசரம் இத்தன தூரம் வந்துபோட்டு நீங்க தனியாத் திரும்பறதுங்களா? வாங்க, ஊடு வரைக்கும் உட்டுட்டு வர்றேன்" என்று கூடவே திரும்பினார். படலுக்கு வந்ததும் மாமா, "நீங்க என்னைய உடறக்கு வந்துருக்கறீங்க. உங்கள இங்கயே நின்னு அனுப்பறது மொறைங்களா?" என்று மறுபடியும் பாலத்துக்குக் கிளம்பினார். இரண்டு பெரிய மனிதர்கள், தலையில் உருமால் கட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் வழியனுப்பிக்கொண்டே வாய்க்கால் கரையில் போகவும் வரவுமாக இருந்தார்கள். வயலில் களை எடுத்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்ச நாளில் நான் பின்னால் அலைவதை விட்டுவிட்டுப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து மலை முழுதாகத் தெரிந்தது. கீழே தண்ணீர் சத்தமாக ஓடியது. அப்படி உட்கார்ந்திருந்த நேரங்களில் ஊர் ஞாபகம் வந்து அழுததும் உண்டு, சும்மா சந்தோஷமாக இருந்ததும் உண்டு.

தை மாதம் எங்கள் பக்கம் கிழக்குக் காற்று பேயாக அடிக்கும். அப்படி ஒரு நாள், சகலபாடியை அனுப்பிவிட்டுத் திரும்புகையில் காற்று மாமாவின் வேட்டியைச் சுற்றிக் காலைத் தடுக்கியது. விழவில்லை. என் தோளைப் பிடித்துக் கரையில் உட்கார்ந்து, "சித்த இருந்துட்டுப் போலாம் அம்மிணி" என்றார். நான் சொம்பை நீட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் தூரத்து வயலில் நின்ற என் கணவர் அவர் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டார். விழுந்துவிட்டார் என்றே நினைத்து, சேற்றுக் காலோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தார். "உடுடா, நான் நடப்பேன்" என்று மாமா சொன்னது யார் காதிலும் விழவில்லை. மறுபடியும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் படலோரத்தில் வில்வண்டி பூட்டி நின்றது. "இனி ஒறம்பரை யாரு வந்தாலும் வண்டில கொண்டுபோயி உட்டுரலாம். அப்பா இருந்த எடத்துலயே கும்புடு போட்டாப் போதும்" என்றார் என் கணவர். சகலபாடி வந்தார். மறுக்கத் தெரியாமல் வண்டியில் ஏறினார். வண்டி போகும் சத்தத்தை மாமா கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அது தேய்ந்து மறைந்ததும் துண்டை உதறி ஆணியில் இருந்த தடியில் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் எழவில்லை. யாரிடமும் கோபித்துக்கொள்ளவும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. இரண்டாம் போகம் பழுக்கத் தொடங்கியது. இது முடிந்தால் கோடை, கோடை முடிந்தால் மழை. டாக்டர் சொன்ன கெடுவுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று விரல் விட்டு எண்ணினேன். கடைசியில் கணவரோடு சண்டை போட்டேன். கல்யாணமாகி அதுதான் எங்கள் முதல் சண்டை.

"ஒறம்பரைய வண்டில ஏத்தி உட்டா அது வழியனுப்பறதுங்களா, மூட்டை அனுப்பறதுங்களா?" என்றேன். கோபத்தில் 'ங்க' சரளமாக வந்தது.

"அவரு உளுந்தா நீ பொறுப்பா?"

"உளுந்தா எந்திரிப்பாரு. நீங்க தூக்குனாத்தான் எந்திரிக்க மாட்டாரு."

அவர் மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டார். பிறகு மெதுவாக, "அன்னிக்குக் களத்துல அவரு உளுந்தப்ப நான் எதுத்தாப்புல நின்னேன். எங்கப்பன் உளுகறத ஒருக்கா பாத்துட்டேன். இன்னொருக்கா என்னால பாக்க முடியாது" என்றார். கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் நான் என்ன சண்டை போடுவது? இருவரும் சேர்ந்து மாட்டுக்கொட்டகையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினோம்.

சில நாட்கள் சகலபாடி வரவில்லை. ஒரு காலையில் சின்ன அத்தை மட்டும் வயல் வழியாக வந்தார். அடுப்படிக்கு வராமல் ஆசாரத்திலேயே நின்று, மாமாவுக்குக் கேட்கும்படி அக்காளிடம் சொன்னார்.

"அவரு இனி இந்த ஊட்டுப் படி ஏற மாட்டாராமா அக்கா. 'ஒறம்பரைய வண்டில வெச்சுப் பத்தி உட்டுட்டாங்க, எனக்கு அங்க அவ்வளவுதான் மரியாதை'ன்னு உக்காந்துட்டாரு. ரேடியோவக்கூடப் போடறதில்ல."

இது சின்ன அத்தையாகச் சொன்னதா, அக்காளும் தங்கையும் சேர்ந்து போட்ட திட்டமா, எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அத்தை என் முகத்தைப் பார்க்காமல் சின்ன அத்தையைக் காப்பி குடிக்க உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

மாமா கையை நீட்டித் தடியின் மேலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். தடியையும் எடுத்தார்.

"அம்மிணி, குடைய எடு."

"எங்கீங்க மாமா?"

"சகலபாடி ஊட்டுக்கு. நம்ம பக்கம் தப்பு இருக்குது. நாமதான் போகோணும்."

வாசலில் என் கணவர் வண்டி மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தன் அப்பா தடியோடு வருவதைப் பார்த்ததும் கயிற்றோடு அப்படியே ஓடி வரப் போனார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். நின்றுவிட்டார். கயிற்றைத் தன் கையிலேயே சுற்றிக்கொண்டார். அந்த நிமிஷத்தில் அவர் மேல் எனக்கு வந்த பிரியத்தை இன்னும் மறக்கவில்லை.

மாமா நடந்தார். புளியமரத்தில் நின்று மூச்சு வாங்கினார். பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து இளைப்பாறினார். தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோது, வெகுதூரத்தில் ஒரு பனைமரத்துக்குப் பின்னால் என் கணவரின் வேட்டி நுனி காற்றில் பறந்தது. நான் வேகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாமா எழுந்து, காய்ச்சலுக்குப் பிறகு முதல் தடவையாகப் பாலத்தைத் தாண்டினார்.

சகலபாடி எங்களைப் பார்த்ததும் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். ரேடியோக்காரர் அப்படி எழுந்ததைச் சின்ன அத்தை பார்க்கவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் இன்னும் எங்கள் வீட்டு அடுப்படியில்தான் இருந்தார்.

"வண்டில ஏத்துனது தப்புங்க. பையன் தெரியாம பண்ணிப்போட்டான்" என்றார் மாமா.

"அய்யோ, அதுக்கு நீங்க நடந்து வரோணுங்களா? உக்காருங்க."

"நீங்க மொதல்ல உக்காருங்க."

அந்த வீட்டு மருமகள் கொண்டுவந்த காப்பி ஆறியது. நானாகப் போய் இரண்டு நாற்காலியையும் ஒரே நேரத்தில் அவர்களுக்குப் பின்னால் இழுத்துப் போட்டேன். பிறகு கிளம்பியதும், பாலம் வரைக்கும் அவர் வந்ததும், அப்புறம் நடந்ததும் சொல்லாமலே தெரியும். நாங்கள் வீடு வந்து சேரும்போது அத்தை விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

வண்டியை என் கணவர் அதற்குப் பிறகு ஒறம்பரைக்குப் பூட்டவில்லை. மாசியில் அறுவடை வந்தபோது மாமா தானாகவே களத்துக்குப் போனார். அவர் விழுந்த அதே களம். அறுப்பாட்கள் ஏறிட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அவருக்காக யாரும் எழுந்து ஓடி வரவில்லை. அன்று ராத்திரிச் சோறு கூடக் கொஞ்சம் இறங்கியது அவருக்கு.

அந்தச் சமயம் நான் உண்டாகியிருந்தேன். வைகாசிக் கடைசியில், மழை பிடிப்பதற்கு முன்னால் தலைப்பிரசவத்துக்கு என்னைக் கூட்டிப்போக அப்பா வந்தார். படலோரம் வண்டி பூட்டட்டுமா என்று கணவர் கேட்டார். நான் நடந்தே போகிறேன் என்றேன். அத்தை முணுமுணுத்துவிட்டு, "மலைக்காரி, கேக்கவா போறா" என்று விட்டுவிட்டார். என் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் அப்பாவோடு முன்னால் நடந்தார். மாமா தடியோடும் குடையோடும் நான் அவர் பக்கத்திலுமாக வந்தோம்.

பாலம் வந்தது. என் அப்பா வழக்கம் தெரிந்தவர். திரும்பி நின்று, "போதும் சம்பந்தி, பாலம் வந்துருச்சு" என்றார்.

"பாலம் ஒறம்பரைக்குங்க" என்றார் மாமா. "இது என்ற ஊட்டுப் புள்ள. பஸ் ஏத்தி உட்டுட்டுத்தான் திரும்புவேன்."

பஸ் நிற்கும் ஆலமரம் பாலத்திலிருந்து இன்னும் நல்ல தூரம். அப்பாவும் கணவரும் முன்னால் போய்விட்டார்கள். மாமா என் நடைக்கு ஏற்ப நிதானமாக வந்தார். உண்மையில் இப்போது மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

"நீ பண்ணுன வேலையெல்லாம் எனக்குத் தெரியும் அம்மிணி" என்றார் திடீரென்று.

"எதுங்க மாமா?"

"ஒறம்பரைய வர வெச்சதுதான். உங்க அத்தைக்குப் பொய் சொல்ல வராது. ஆள் உட்டுக் கூப்புட்டுட்டு, வந்தவுடனே 'என்ன இந்தப் பக்கம்'னு கேப்பா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "தெரிஞ்சும் ஏனுங்க மாமா எந்திரிச்சீங்க?"

அவர் என் வழியில் கிடந்த கல்லைத் தடியால் தள்ளிவிட்டார். "கட்டில்ல கெடக்கறவனுக்கு வேறென்ன வேலை? கொல்லைக் கதவு வழியாப் பாத்துட்டே கெடப்பேன். நீ வேலியப் புடிச்சுட்டு மலையப் பாத்துட்டு நிப்ப. காட்டுமேட்டுல ஓடித் திரிஞ்ச புள்ளையக் கூட்டிட்டு வந்து நாம கட்டிப்போட்டுட்டமேன்னு இருக்கும். அதச் சொன்னா உங்க அத்தைக்குப் புரியாது. அன்னிக்கு உங்கப்பாவ அனுப்பறக்கு எந்திரிச்சனா, நீ படலுக்கு வெளிய வந்து நின்ன. உன்ற மொகத்தப் பாத்தேன்." அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நான் நடந்தாத்தான நீ குடையத் தூக்கிட்டுக் கூட வருவ."

நான் அவரை நடக்க வைத்துவிட்டதாக ஆறு மாதமாக மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவரோ ஒவ்வொரு நாளும் நடுங்குகிற காலைத் தரையில் இறக்கியது எனக்காக. அழுதுவிடுவேன் போலிருந்தது. ஆலமரத்தடியில் அப்பாவும் கணவரும் நின்றதால் அடக்கிக்கொண்டேன்.

பொள்ளாச்சி பஸ் வந்தது. என்னை ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். என் கணவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னார். மாமா கிட்டே வந்து, "பத்தரமாப் பெத்துப் பொழச்சு வா. திரும்பி வர்றப்ப இந்த மரத்தடியில வந்து நிப்பேன்" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "நீ உடுமலப்பேட்ட வரைக்கும் போயி உட்டுட்டு வாடா. புள்ளத்தாச்சி, ஒரு ஆளு சேந்து இருக்கட்டும்" என்றார்.

"நீங்க எப்படீங்கப்பா திரும்பிப் போவீங்க?"

"வந்த மாதிரித்தான்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே வரச் சொல்லித் தலையசைத்தேன். அவர் ஏறிக்கொண்டார்.

பஸ் கிளம்பியது. நான் கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்த்தேன். மாமா குடையைத் தானே விரித்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் தடியோடு, பாலத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். பின்னால் யாரும் இல்லை, பனைமரத்துக்குப் பின்னாலும் யாரும் இல்லை.

"சம்பந்தி தனியாப் போறாரேம்மா" என்றார் அப்பா.

"போயிருவாருங்கப்பா" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் என் கணவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.